தொண்ணூற்றொரு விழுக்காடு ரத்தம்

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் மரம் ஏறித்தான் ஆகவேண்டும்.
நான் மூன்று மாடி ஏறுகிறேன்.
ப்ளோவ்டிவ் நகரத்தில் நவம்பர்,
லிஃப்ட் மறுபடி பழுது.
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
உலகத்துப் பேய்களுக்கெல்லாம்
சீட்டுக் கிழிப்பவள் நான்.

"வரிசையில் நாற்பத்து மூன்று, ஸோர்னிட்சா" என்கிறான் வெல்கோ
சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி.
யார் யாரோ எந்தெந்த ஊரிலோ
தனியாக உட்கார்ந்து
தூக்கம் கெட்டுச் செய்த விளையாட்டுகள்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
பயப்படுவதும் அதற்குள்தான்.

முதலாவது வந்தது பின்லாந்திலிருந்து.
செய்தவள் ஹில்க்கா.
சல்லடை நிரல் அதன் தலையில் கொடி நட்டிருந்தது:
ரத்தம், தொண்ணூற்றொரு விழுக்காடு.

உள்ளே போனேன்.
ஏரிக்கரையில் ஒரு மரவீடு.
அண்ணன் மூழ்கிப்போன பிறகு
தங்கை அலமாரியைக் காலி செய்கிறாள்.
வரிசையாகக் கண்ணாடிச் சாடிகள்,
ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் ஒரு வருடம்.
ஒரு சாடி நழுவுகிறது.
தரையெல்லாம் காட்டுப் பெர்ரி ஜாம்.
துடைக்கத் துடைக்க வருகிறது,
பலகை இடுக்கிலிருந்து, சுவரிலிருந்து,
குழாயைத் திறந்தால் அதிலிருந்தும்.

கடைசி அறையில்
ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.
அவ்வளவுதான்.
திரும்புவதில்லை.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரும்புவதில்லை.

புகையிலை ஆலை மூடிய வருடம்
அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்,
அடுப்பைப் பார்த்து.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
நாற்பது நிமிடம் ஆனதைக் கவனித்தேன்.
சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பணம் பட்டுவாடா செய்யும் கம்பெனிக்கு
ரத்தம் ஆகாது. அதற்குப் படிவம் உண்டு:
துளி, தேக்கம், பீறிடல்.
ஜாமுக்குப் படிவம் இல்லை.
"தூக்கிவிடு, எதற்கு வம்பு" என்கிறான் வெல்கோ.
ஒத்திவைத்தேன்.

பத்தொன்பதாவது இளஞ்சிவப்பு.
பூனை கேக் சுடுகிறது, கூடை தூக்கி வீடு வீடாகப் போகிறது.
சல்லடை சொன்னது: பூஜ்யம்.
இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருப்பேன்,
கை பொத்தானுக்கே போய்விட்டது.

கதவைத் திறக்கும் பெண்ணுக்கு
இடது கண்ணின் கீழ் மச்சம்.
அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும்.
அதற்கடுத்த வீட்டிலும் அவளே.
வரைந்த முகமல்ல, வெட்டி ஒட்டிய புகைப்படம்.
தபால்பெட்டியில் எண் இருந்தது.
பேருந்து நிறுத்தம் இருந்தது.
அவள் இறங்கும் நேரம் ஆறு நாற்பது.
பூனை தூணுக்குப் பின்னால் காத்திருக்கிறது.
நகராமல் இருந்தால்
நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.
பின்னணியில் பியானோ.

எடுத்துவிட்டேன்.
காவல்துறைக்கு அனுப்பும் மேசைக்கு எழுதினேன்.
"உங்கள் கோரிக்கை கிடைத்தது, நன்றி" என்றது மேசை.
நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
வளைந்து வளைந்து
கொக்கிகளைப் போல.

நான்கு மணிக்கு அவன் பதில்:
கலைக்கு விலங்கா?
பேய்க்குப் பயந்தவள்
வேறு வேலை பார்க்கட்டும்.

பேய்க்கா.

விடிவதற்குள் ஹில்க்காவுக்குத் திரும்பினேன்.
காரணம் எழுதும் கட்டத்தில்
"ஜாம்" என்று மட்டும் தட்டி அனுமதித்தேன்.
எச்சரிக்கை வாசகம் கேட்டது.
வன்முறை, போதை, நிர்வாணம், எதுவும் பொருந்தவில்லை.
"ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டார்" என்று எழுதினேன்.
மேலாளர் அழித்துவிடுவாள்,
தெரியும்.

மரிட்சா ஆற்றின் மேல் பனிமூட்டம்.
பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில்
யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.
பயமாக இல்லை, துணையாக இருந்தது.
என் நிறுத்தத்தைத் தவறவிட்டு
அடுத்ததில் இறங்கி நடந்தேன்.
தவறவிட்டேனா, விட்டேனா.

வாசலில் தபால்பெட்டி.
அதில் என் பெயர்,
குடிவந்த அன்று நானே ஆசையாக ஒட்டியது.
சாவியை வாயில் கவ்விக்கொண்டு
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

நல்ல பசை.